தூண் பக்கம்

எங்கள் தோட்டத்துப் பட்மின்டனில் வென்றவனுக்குத்தான் தண்டனை. ஒரு ஆட்டம் முடிந்ததும் தோற்ற சோடி நல்ல பக்கத்துக்குப் போகும். வென்ற சோடி தூண் பக்கத்துக்குப் போக வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் மடுல்சீமை மலைகளுக்குள் ஒளிந்து கிடந்த எங்கள் தோட்டத்தில் அதை மீறியவன் ஒருவனும் கிடையாது.

தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஸ்டோரை மூடிவிட்டு, கொழுந்தை லொறியில் ஏற்றிப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் மூன்றாவது மாடியை அப்படியே விட்டுவிட்டார்கள். பச்சைக் கொழுந்தை விரித்து வாட்டுகிற மாடி அது. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவதற்கு முன்னால் என் அம்மா பதினொரு வருடம் அங்கேதான் கொழுந்து விரித்தாள். நல்ல பலகைத் தரை, இரண்டு பக்கமும் ஜன்னல், எட்டிக் குதித்தால் கையில் படுகிற உயரத்தில் விட்டங்கள். நடுநடுவே இரும்புத் தூண்கள்.

அந்தத் தூண்கள்தான் எங்களுக்கு வினையாக வந்தன. சுண்ணாம்பைக் கரைத்து வைத்துக்கொண்டு நீளவாட்டில் அளந்தோம், குறுக்குவாட்டில் அளந்தோம். எப்படி அளந்தாலும் ஒரு தூண் களத்துக்குள் வந்து நின்றது. கடைசியில் அலுத்துப் போய், ஒரு பக்கத்தில் இடது கைப்புறமாக, நடுவுக்குச் சற்றுப் பின்னால் அதை நிற்க விட்டுவிட்டுக் கோட்டைப் போட்டோம். பந்து தூணில் பட்டால் அந்த அடிக்குக் கணக்கில்லை, மறுபடி போட வேண்டும் என்று ஒரு சட்டமும் செய்துகொண்டோம். வலைக்குக் கிழிந்த சாக்குகளைத் தைத்துக் கட்டினோம்.

எனக்குச் சோடி என் மாமா மகன். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கிற எங்கள் லயத்து வீடுகளில் அடுத்த காம்பரா அவனுடையது. இடது கைக்காரன். அவனுடைய அப்பா தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரை பங்களாவில் சமையல்காரர். தொரையின் பிள்ளைகள் வேண்டாம் என்று தூக்கிப் போட்ட இரண்டு மட்டைகளையும், பாதி இறகு உதிர்ந்த பந்துகள் ஒரு பெட்டியையும் அவர்தான் ஒரு நாள் துவாயில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பசறை ரோட்டில் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினாலும் புத்தகப் பையை வாசலில் எறிந்துவிட்டு மாடிக்கு ஓடுவோம்.

விட்டங்கள் தாழ்வாக இருந்ததால் பந்தை உயர்த்தி அடிக்கவே முடியாது. வலையை உரசிக்கொண்டு படுத்தபடியே பறக்க வேண்டும். ஆகவே எங்கள் கை வேகமாகியது. எங்களை அடிக்கத் தோட்டத்தில் ஆள் இல்லை என்று ஆனது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் நெஞ்சு நிமிரும். அடக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் எப்போதும் வென்றுகொண்டிருந்ததால் எப்போதும் தூண் பக்கத்திலேயே ஆட வேண்டியதாயிற்று. நாலு வருடம் அந்தத் தூணோடுதான் குடித்தனம். அதை நோக்கி வருகிற பந்தை நாங்கள் தொடவே மாட்டோம். ஆளுக்கொரு பக்கம் விலகி, தூணே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவோம். டங் என்று சத்தம் வரும், பந்தை எடுத்து மறுபடி போடுவோம்.

பள்ளிக்கூடத்துக்காகப் பதுளையில் ஆடினோம், வென்றோம். மாகாணத்துக்காக ஆடினோம், வென்றோம். பிறகு கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. பையன்களுக்கான சர்வதேச இளையோர் அணிப் போட்டி ஒன்று கொழும்பில் நடக்கப் போகிறது, அதற்கான தெரிவுக்கு வரவும் என்று. போனோம். எங்கள் வேகத்தில் மூன்று நாலு அடியில் எல்லாம் முடிந்துவிடும். எதிரே நின்ற கொழும்புப் பையன்களுக்கு என்ன நடந்தது என்று யோசிக்கவே நேரம் இருக்கவில்லை. நாட்டு அணியில் எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள்.

சேர்த்துக்கொண்டார்கள்தான், ஆனால் கடைசியில். ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் ஐந்து ஆட்டங்கள். மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர். மூன்றை வென்ற அணி வென்றது. இரட்டையருக்கு எங்களுக்கு முன்னால் இரண்டு சோடிகள் இருந்தார்கள். நாங்கள் மூன்றாவது, அதாவது யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஆடலாம். பயிற்சியாளர் கெட்ட மனிதர் இல்லை. எங்கள் வேகம் அவருக்குப் பிடித்திருந்தது. பந்தை உயர்த்தத் தெரியாத பையன்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் அவர் சிங்களத்தில் தலையைச் சொறிந்துகொண்டார்.

ஊரிலிருந்து புறப்படும்போது எல்லோரும் சொல்லி அனுப்பிய புத்தி ஒன்றே ஒன்று: கொழும்பில் தமிழில் சத்தம் போட்டுப் பேசாதீர்கள். போர் நடந்த அந்த வருடங்களில் அதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு சந்தியிலும் பையைத் திறந்து காட்டி, பள்ளிக்கூட அதிபரின் கடிதத்தை நீட்டித்தான் மண்டபத்துக்குப் போய் வந்தோம். மாடியில் ஆடும்போது "எனக்கு", "ஒனக்கு" என்று கத்திக்கொண்டே ஆடிய நாங்கள், கொழும்பில் பயிற்சியின்போது வாயைத் திறக்கவில்லை. ஊமைச் சோடி என்று அணியில் எங்களுக்குப் பெயர் வைத்தார்கள்.

புறப்படுவதற்கு முன்னால் அம்மா என்னைப் பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து வாங்கித் தந்தாள். அதுவரை நான் வெறுங்காலில் ஆடியவன். போட்டியில் முதல் ஆட்டத்துக்குத்தான் போடுவேன் என்று அதைப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். பயிற்சிக்கு அணியில் கொடுத்த பழைய சப்பாத்தையே மாட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை போட்டி தொடங்கியது. எங்கள் அணி மாலைதீவை வென்றது. நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுத்தோம், துவாய் பிடித்தோம், கை வலிக்கத் தட்டினோம். பின்னேரம் பக்கத்துக் கொமியூனிகேஷன் கடையிலிருந்து தோட்டத்து ஒபீசுக்குப் பேசினோம். லயத்தில் யாருக்கும் போன் கிடையாது; ஒபீசில் கிளாக்கர் ஐயா எடுப்பார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் தோட்டத்துக்கு வந்து இருபது வருடமாகியும் அவருடைய தமிழ் ஊரிலேயேதான் இருந்தது.

"என்ன தம்பி, வெண்டிட்டீங்களோ?" என்று கேட்டார்.

"ஜெயிச்சிட்டோங்க ஐயா" என்றேன்.

அணி வென்றது, நானும் அணியில் இருக்கிறேன். அதுவரைக்கும் அது பொய் இல்லை. ஆனால் மனிதர் அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டார். நீங்கள் இரண்டு பேரும் விளையாடினீர்களா, நீங்கள் ஆடிய ஆட்டம் என்ன ஆயிற்று என்று. ஆடினோம், அதிலும் வென்றோம் என்று என் வாய் முந்திக்கொண்டது. பக்கத்தில் நின்ற என் சோடி என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினான். இன்றைக்கும் அந்த இடம் வலிப்பதுபோல இருக்கும். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், அத்தனை தூரத்திலிருந்து அத்தனை ஆசையோடு ஒரு மனிதர் கேட்கும்போது, தண்ணீர்ப் போத்தல் தூக்கினோம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

பொய் அங்கேயே கிடந்திருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் கிளாக்கர் ஐயா பெரட்டுக் களத்துக்கே போய்விட்டார். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் கூடி நின்று, யாருக்கு எந்த மலை என்று கேட்டுக்கொண்டு போகிற இடம் அது. தோட்டம் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிற நேரம் அது ஒன்றுதான். அங்கே நின்று, நம்முடைய பிள்ளைகள் நாட்டுக்காக ஆடி வென்றுவிட்டார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். பெரட்டுக்குக் கூப்பிடுவதற்காகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டில் கங்காணி மறுபடியும் மணி அடித்திருக்கிறார். கோவிலில் தேங்காய் உடைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமையும் எங்கள் அணி வென்றது; இதையெல்லாம் அன்று பின்னேரம் போனில் கேட்டேன். கேட்ட பிறகு, அன்றைக்கும் நாங்கள் ஆடவில்லை என்று எப்படிச் சொல்வது? இரண்டாவது பொய்யையும் சொன்னேன். சனிக்கிழமை அரையிறுதியில் எங்கள் அணி பாகிஸ்தானை வென்றது, மூன்றாவது பொய்யையும் சொன்னேன்.

அப்போதுதான் கிளாக்கர் ஐயா, குரலில் சந்தோஷம் வழிய, தலையில் கல்லைப் போட்டார்.

"நாளைக்கு இறுதி ஆட்டம் பாக்க வான் பிடிச்சுக்கொண்டு பதினாலு பேர் வருகினம் தம்பி. உங்கட அம்மாவும் வாறா."

போனை வைத்துவிட்டு நானும் என் சோடியும் ரோட்டோரத்தில் நெடுநேரம் நின்றோம். அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதினாலு பேர் கலரியில் உட்கார்ந்து, நாங்கள் துவாய் பிடிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள் என்பதை இரண்டு பேரும் தனித்தனியே கற்பனை செய்துகொண்டிருந்தோம். அன்று மாலை நான் பயிற்சியாளரிடம் போய், ஒரே ஒரு ஆட்டம் தாருங்கள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். இறுதி ஆட்டம் பரீட்சை பார்க்கிற இடம் இல்லை மகன் என்று அவர் மென்மையாகத்தான் சொன்னார். நியாயமான பேச்சு. எனக்கு அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வான் வந்து நின்றது. அம்மா தீபாவளிச் சேலையைக் கட்டியிருந்தாள். இரவெல்லாம் மலை ரோட்டில் குலுங்கி வந்த களைப்பு அவர்கள் யாருடைய முகத்திலும் இல்லை. என் மாமா மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பார்த்து, எத்தனை ஸ்டோரை இதுக்குள்ள வைக்கலாம் என்று கேட்டார். அம்மா மட்டும் என் பையை வாங்கி, புதுச் சப்பாத்தை வெளியே எடுத்தாள். முந்தானையால் ஒரு தரம் துடைத்தாள், திருப்பிப் பார்த்தாள், திரும்பப் பைக்குள் வைத்தாள். நல்லா ஆடுய்யா என்று சொல்லிவிட்டுக் கலரிக்கு ஏறிப் போனாள்.

அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் ஆகியிருக்காது. உடலைச் சூடாக்க ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது சோடியில் ஒருவன் காலை மடக்கிக்கொண்டு விழுந்தான். கணுக்கால் கண் முன்னால் வீங்கியது. நல்ல பையன், எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவன். அவன் வலியில் முனகும்போது என் உள்ளுக்குள் என்ன குதித்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. பயிற்சியாளர் எங்களைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், தயாராக இருங்கள் என்றார். இரண்டாவது இரட்டையர் ஐந்தாவது ஆட்டம். அதற்கு முன்பே மூன்றை வென்று முடித்துவிடலாம் என்று அவர் நம்பினார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

எதிரணி நேபாளம். எங்களைப் போலவே மலைநாட்டுப் பையன்கள்; கொழும்பு வெக்கையில் எங்களைப் போலவே வாடிப்போயிருந்தார்கள். ஆனால் ஆட்டத்தில் வாட்டம் இல்லை. முதல் ஒற்றையரை வென்றோம், இரண்டாவதில் தோற்றோம். முதல் இரட்டையரில் தோற்றோம், மூன்றாவது ஒற்றையரை வென்றோம். இரண்டுக்கு இரண்டு. கோப்பை யாருக்கு என்பது எங்கள் இரண்டு பேர் கையில் வந்து நின்றது.

புதுச் சப்பாத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு களத்துக்குள் நடந்தேன். கலரியில் எங்கள் ஆட்கள் எழுந்து நின்று தட்டினார்கள். அவர்களைப் பொறுத்தவரை இது எங்களுக்கு நாலாவது ஆட்டம். எங்களுக்குத்தான் அது முதலாவது.

அந்தக் காலத்தில் பந்தைப் போடுகிற பக்கத்துக்குத்தான் புள்ளி விழும். பதினைந்து புள்ளி எடுத்தால் ஒரு ஆட்டம். மூன்றில் இரண்டை வெல்ல வேண்டும். முதல் இரண்டு புள்ளியை எங்கள் வேகத்தில் பறித்துக்கொண்டோம். பிறகு நேபாளத்துச் சோடி நிதானமாக எங்களைப் பார்க்கத் தொடங்கியது. எங்களுடைய நாலாவது அடி திரும்பி வந்தது, ஐந்தாவது திரும்பி வந்தது, ஆறாவதும் வந்தது. அவர்களில் குட்டையானவன் எதையோ கண்டுகொண்டான். தன் சோடியிடம் மட்டையால் சுட்டிக் காட்டி ஏதோ சொன்னான். அதன் பிறகு எங்கள் களத்தில் இடது பக்கம், நடுவுக்குச் சற்றுப் பின்னால், ஒரே இடத்தில் பந்து விழுந்துகொண்டே இருந்தது. பார்த்தால் எடுக்கக் கூடிய பந்துகள்தான். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அது பூப்போல விழுந்தது. நான் என் சோடியை முறைத்தேன், அவன் என்னை முறைத்தான். வாய் திறந்து சண்டை போடவும் பயம். பதினைந்துக்கு ஐந்து என்று முதல் ஆட்டம் போனது.

பயிற்சியாளர் வந்து சிங்களத்தில் ஏதேதோ சொன்னார். ஒன்றும் என் காதில் ஏறவில்லை. இரண்டாவது ஆட்டத்துக்குப் பக்கம் மாறினோம். எங்கள் ஊர்க்காரர்கள் இருந்த கலரி இப்போது எங்கள் முதுகுக்கு நேர் பின்னால் வந்தது. ஆட்டம் மாறவில்லை. ஒன்று, இரண்டு என்று நாங்கள் தவழ்ந்துகொண்டிருக்க, அவர்கள் எட்டுக்குப் போய்விட்டார்கள். எட்டாவது புள்ளி அதே இடத்தில்தான் விழுந்தது. பந்து வந்தது, நான் இடப்பக்கம் ஒதுங்கினேன், என் சோடி வலப்பக்கம் ஒதுங்கினான், பந்து நடுவில் தரையைத் தொட்டது.

அப்போது கலரியிலிருந்து ஒரு குரல் வந்தது. மலையில் ஒரு தேயிலை நிரையிலிருந்து மூன்றாவது நிரைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். மண்டபம் முழுக்கக் கேட்டது.

"டேய், அங்க தூணு இல்லடா."

அம்மா. எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எங்களுக்கு நேர் பின்னாலிருந்து பார்த்ததும், நாங்கள் எதைச் சுற்றி ஆடிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பதினொரு வருடம் கொழுந்துக் கூடையோடு அதே தூணைச் சுற்றி நடந்தவள் அல்லவா. அந்தக் கொழும்பு மண்டபத்தில், அந்த வருடத்தில், அவ்வளவு சத்தமாக ஒரு தமிழ்க் குரல். ஆயிரம் பேர் திரும்பிப் பார்த்தார்கள். நடுவர் தலையை நிமிர்த்தி முறைத்தார். அம்மா யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பந்து விழுந்த இடத்தைப் பார்த்தேன். வெறும் தரை. வழுவழுப்பான பச்சைத் தரை, ஒரு ஆணிகூட இல்லை. நூற்றைம்பது மைலுக்கு அப்பாலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு வந்ததுபோல, அந்த இரும்புத் தூணை நாங்கள் இரண்டு பேரும் கொண்டுவந்து அங்கே நட்டிருந்தோம். தூணில் படும், மறுபடி போடுவார்கள் என்று எங்கள் உடம்பு நம்பிக்கொண்டு ஒதுங்கியது. பதுளையில் யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை, தெரிவில் கண்டுபிடிக்கவில்லை. நாங்களே கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

என் சோடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டுக்கு இரண்டு என்று தோற்றுக்கொண்டிருக்கும்போது, களத்தின் நடுவில் நின்று தோள் குலுங்கச் சிரித்தான். பிறகு, கொழும்புக்கு வந்து முதல் தடவையாக, தன் சொந்தக் குரலில் தமிழில் பேசினான்.

"மச்சான், அவனுங்க இனியும் அங்கேயேதான் அடிப்பானுங்க. நாம வெலகுற மாதிரியே வெலகுவோம். அதுக்கப்புறம் நான்தான் தூணு."

அதைவிட நல்ல யோசனையை என் வாழ்நாளில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவன் இடது கைக்காரன். அந்த இடத்துப் பந்து அவன் கைக்கு அல்வா. அடுத்த பந்துக்கு நான் வழக்கம்போல ஒதுங்கினேன். அவனும் ஒரு அடி ஒதுங்கினான். குட்டைப் பையன் சந்தோஷமாக அங்கே அடித்தான். என் சோடி திரும்பி, முழுக் கையையும் வீசி ஒரு அறை அறைந்தான். பந்து அவர்களுடைய காலடியில் போய் விழுந்ததை அவர்கள் பார்க்கக்கூட இல்லை. எங்கள் கலரி வெடித்தது.

அதன் பிறகு நாங்கள் வாயை மூடவே இல்லை. எனக்கு, ஒனக்கு, விடு, அடி, வருது பாரு என்று எங்கள் மாடியில் கத்துவதுபோலவே கத்தினோம். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அதனால் வசதியாகத் திட்டம் போட்டே கத்தினோம். பந்து எங்கே வரும் என்று முன்பே தெரிந்தால் ஆடுவது எவ்வளவு சுகம் என்பதை ஆடியவனுக்குத்தான் தெரியும். அவர்கள் கண்டுபிடித்த ஓட்டையை விட மனமில்லாமல் திரும்பத் திரும்ப அங்கேயே அடித்தார்கள், திரும்பத் திரும்ப வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பதினைந்துக்குப் பதினொன்று என்று இரண்டாவது ஆட்டம் எங்களுடையது.

மூன்றாவதில் அவர்கள் விழித்துக்கொண்டார்கள். கெட்டிக்காரப் பையன்கள். அந்த இடத்தை விட்டுவிட்டு, மூலைகளைத் தேடத் தொடங்கினார்கள். நாலுக்கு நாலு, ஏழுக்கு ஏழு, பத்துக்குப் பத்து என்று இழுபட்டது. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் விசில் கேட்டது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். என் சோடி அந்த இடத்தில் நின்றாலும் நிற்காவிட்டாலும், இப்போது அவர்கள் அங்கே அடிக்கவில்லை. அடிக்க வேண்டிய பந்தைக்கூட அங்கே அடிக்கப் பயந்து, கோட்டுக்கு ஓரமாகத் தள்ளினார்கள். எங்கள் தூணைச் சுற்றி இப்போது அவர்கள்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் பதினாலு, அவர்கள் பன்னிரண்டு. நான் பந்தைப் போட்டேன். நீண்ட ஆட்டம் அது. எத்தனை அடி என்று எண்ணவில்லை. கடைசியில் நான் அவசரத்தில் பந்தை உயர்த்திவிட்டேன், எனக்குத் தெரியாத வேலை. அரைகுறையாக எழும்பி அவர்களுக்கு வாகாக இறங்கியது. குட்டையானவன் மட்டையை ஓங்கினான். எங்கள் களத்தின் இடது நடுப்பகுதி முழுக்கத் திறந்து கிடந்தது. என் சோடி முன்னால் வலையோரத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். அங்கே அடித்திருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அவன் ஒரு கணம் அந்த இடத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, வலது ஓரத்துக்கு அடித்தான். பந்து கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழுந்தது.

எனக்கு அதன் பிறகு நடந்தது ஒழுங்காக ஞாபகம் இல்லை. தரையில் கிடந்தேன், என் மேல் என் சோடி கிடந்தான், எங்கள் மேல் அணி முழுக்க வந்து விழுந்தது. வீங்கிய காலோடு நொண்டிக்கொண்டு வந்து அந்தப் பையனும் விழுந்தான். ஊமைச் சோடி என்று கூப்பிட்ட அதே பையன்கள் எங்களைத் தோளில் தூக்கினார்கள். அந்த உயரத்திலிருந்து நான் கலரியைப் பார்த்தேன். பதினாலு பேரும் அழுதுகொண்டும் தட்டிக்கொண்டும் இருந்தார்கள். நாட்டுக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு அன்றைக்கு நான் நின்ற நிமிர்வு, அதற்குப் பிறகு எதற்காகவும் எனக்கு வந்ததில்லை.

பயிற்சியாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, அந்த அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டார். அங்கே தூண் இல்லை என்று சொன்னாள் என்றேன். அவர், மலைநாட்டு மந்திரம் போலிருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கோப்பை கொழும்பில் தங்கிவிட்டது. கழுத்தில் ஆளுக்கொரு பதக்கத்தோடு நாங்கள் அதே வானில் ஊருக்கு வந்தோம். செவ்வாய்க்கிழமை காலையில் கிளாக்கர் ஐயா எங்களைப் பெரட்டுக் களத்துக்கு வரச் சொன்னார். தோட்டம் முழுக்கக் கூடி நின்றது. அவர் எங்கள் இரண்டு பேரையும் முன்னால் நிறுத்தி, நாலு நாடு, நாலு ஆட்டம், நாலும் வெற்றி என்று பேசத் தொடங்கினார். நியாயமாக நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். வென்றுதானே வந்திருக்கிறோம், இனி யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் உண்மையான ஒன்று கையில் இருக்கும்போது பொய்யான மூன்றையும் அதோடு சேர்த்துச் சுமக்க எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த ஒன்று தனியாக நிற்கட்டும் என்று தோன்றியது.

"ஐயா, நாலு இல்லீங்க. நாங்க ஆடுனது ஒண்ணே ஒண்ணுதான். மத்ததெல்லாம் நான் சொன்ன பொய்யிங்க."

கிளாக்கர் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். கங்காணிதான் முதலில் பேசினார். அப்படியென்றால் மூன்று நாளாக நான் மணி அடித்தது யாருக்கடா என்று அவர் கேட்டதும், பின்னால் நின்ற பெண்கள் பக்கமிருந்து சிரிப்புக் கிளம்பியது. கிளாக்கர் ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அது நாட்டுக்கு அடித்தது, பிழையில்லை என்றார். சரி, இன்றைக்கு இவன்களுக்கு அடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கங்காணி தண்டவாளத் துண்டை நோக்கிப் போனார். அவர் அடித்த அடியில் ஸ்டோர்க் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

பெரட்டுக் கலைந்ததும் நான் அம்மாவோடு மலைக்குப் போகும் பாதையில் கொஞ்ச தூரம் நடந்தேன். அவள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டே, எனக்கு இது முன்பே தெரியும் என்றாள். கொழும்பில் சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தபோது அடியில் கடைக்காரன் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்ததாம். மூன்று ஆட்டம் ஆடிய சப்பாத்தில் அது எப்படி இருக்கும்?

"அப்பவே ஏம்மா கேக்கல?"

"எதுக்குக் கேக்கணும்? நீ ஆடலன்னா அந்த வான்ல வந்தவங்களுக்கு நான் பதில் சொல்லியிருப்பேன்" என்றாள் அம்மா. "என்ன சொல்றதுன்னுதான் கலரியில ஒக்காந்து யோசிச்சுக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள நீ எறங்கி ஆட வந்துட்ட."

அவள் நிரையைப் பார்த்து ஏறிப் போனாள். நான் காம்பராவுக்குத் திரும்பி வந்து, கதவோரத்தில் கிடந்த சப்பாத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். சீட்டு இருந்த இடத்தில் ரப்பர் தேய்ந்து கறுத்திருந்தது.